முதல் நோட்டீஸ் வந்த அன்றே

வீட்டின் பேரில் வாங்கிய கடனுக்குத் தவணை கட்ட முடியாமல் போன ஒரு குடும்பத்துக்குச் சட்ட உதவி எந்தக் கட்டத்தில் கிடைக்க வேண்டும்? இன்று நான் பேச வந்திருப்பது இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான். உதவி வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பார் யாரும் இல்லை. ஆனால் பல குடும்பங்கள் வக்கீல் அலுவலகத்துப் படியேறுவது ஏல அறிவிப்பு பத்திரிகையில் வந்த பிறகுதான். அதற்குள் சட்டம் அவர்களுக்குக் கொடுத்திருந்த வாய்ப்புகளில் முக்கியமானவை கைநழுவிப் போயிருக்கும். வங்கியின் முதல் நோட்டீஸ் கைக்கு வந்த அன்றே, கட்டணம் கேட்காத ஒரு வக்கீல் அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டும். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை, இருக்கிற சட்டமே போதும் என்பது என் வாதம்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2002-க்கு முன்பு அடமானம் வைத்த வீட்டை விற்க வேண்டுமானால் வங்கி உரிமையியல் நீதிமன்றத்திலோ, 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கடன் வசூல் தீர்ப்பாயத்திலோ வழக்குப் போட்டாக வேண்டும். சம்மன் வரும், கடன் வாங்கியவர் தன் பக்கத்தைச் சொல்வார், இரு தரப்பையும் கேட்டுத்தான் உத்தரவு பிறக்கும். வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன, வாராக்கடன் மலைபோல் குவிந்தது. நரசிம்மம் குழுவும் ஆந்தியாருஜினா குழுவும் கொடுத்த பரிந்துரைகளின் வழியே வந்தது, எல்லோரும் சர்ஃபாசி என்று சொல்லும் 2002-ஆம் ஆண்டுச் சட்டம். இந்தச் சட்டப்படி வங்கி யாரிடமும் வழக்குப் போட வேண்டியதில்லை. வங்கியின் அதிகாரம் பெற்ற அலுவலரே நோட்டீஸ் அனுப்புவார், அவரே வீட்டைச் சுவாதீனம் எடுப்பார், அவரே ஏலம் விடுவார். இதில் தவறு நடந்தால் தீர்ப்பாயத்தின் வாசலுக்கு நடக்க வேண்டியவர் வீட்டுக்காரர். அப்படிப் போகிறவர் வங்கி கேட்கும் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும் என்றுகூடத் தொடக்கத்தில் இருந்தது. மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சட்டத்தைச் செல்லும் என்று சொன்னாலும் இந்த ஒரு நிபந்தனையை மட்டும் அடித்துத் தள்ளியது. வீட்டுக்காரர் எழுதும் ஆட்சேபத்தை வங்கி பரிசீலித்துக் காரணத்தோடு பதில் தர வேண்டும் என்றும் சொன்னது. 13(3ஏ) என்ற உட்பிரிவு பிறந்தது அந்தத் தீர்ப்பின் பின்விளைவாகத்தான். வழக்குப் போடும் பொறுப்பை எளிய மனிதரின் தலையில் இறக்கி வைத்த சட்டம் இது. இங்கே வக்கீலின் துணை பழைய முறையில் தேவைப்பட்டதைவிடக் கூடுதலாகத் தேவை. நடப்பதோ நேர்மாறு.

நோட்டீஸ் எப்படி இருக்கும் என்று பார்த்தால் நான் சொல்வது விளங்கும். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. பிறகு 13(2) பிரிவின்படி பதிவுத் தபால் வரும். வழக்கமாக ஆங்கிலத்தில் இரண்டு மூன்று பக்கம். கடன் கணக்கு எண், வாராக்கடன் ஆன தேதி, நிலுவை, கடைசியில் சொத்து விவரம்: சர்வே எண், மனை எண், வடக்கே இருபதடிச் சாலை, தெற்கே இன்னார் மனை என்று நான்கெல்லை. கேட்பது தவறிய தவணையை அல்ல, முழுக் கடனையும். மூன்று தவணை பாக்கி வைத்தவரிடம் இருபது வருஷக் கடன் மொத்தத்தையும் அறுபது நாளில் கட்டச் சொல்கிறது அந்தத் தாள். அதைப் படித்த மாத்திரத்தில் குடும்பம் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறது. எப்படியும் கட்ட முடியாத தொகைக்கு என்ன பதில் எழுதுவது? ஆனால் தவறிய தவணைகளையும் வட்டியையும் முழுவதுமாகக் கட்டிவிட்டால் கணக்கை மறுபடி சீரான கணக்காக மாற்றலாம் என்று ரிசர்வ் வங்கியின் 2021 நவம்பர் விளக்கத்திலேயே இருக்கிறது. நோட்டீஸ் இதைச் சொல்வதில்லை. ஆட்சேபம் எழுதினால் 15 நாளுக்குள் வங்கி பதில் தர வேண்டும் என்பதையும் அது எடுத்துச் சொல்வதில்லை. வீட்டை மீட்க உள்ள கால அவகாசத்துக்கு 13(8) பிரிவைப் பார்க்கவும் என்று ஒரு வரி மட்டும் இருக்கும். அந்தப் பிரிவு 2016-இல் திருத்தப்பட்டது. அதற்கு முன் வீடு விற்கப்படும் நாள் வரை பணத்தைக் கட்டி மீட்கலாம். இப்போது ஏல அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன்பே கட்டியாக வேண்டும். பத்திரிகையில் விளம்பரம் பார்த்துவிட்டு நகையை விற்றுப் பணத்தோடு ஓடுகிறவருக்கு அந்த உரிமை ஏற்கெனவே முடிந்துபோயிருக்கும்.

அடுத்த கட்டம் இதைவிடக் கொடுமையானது, அதில் சத்தம் எதுவும் இருக்காது என்பதால். அறுபது நாள் முடிந்ததும் வங்கி ஆட்கள் வந்து கதவில் ஒரு நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போவார்கள். ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். ஏழு நாளுக்குள் இரண்டு பத்திரிகைகளில், அவற்றில் ஒன்று உள்ளூர் மொழிப் பத்திரிகையில், அது வெளியாகும். வீட்டில் யாரையும் வெளியேற்றுவதில்லை. அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். ‘ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள், அவ்வளவுதான்’ என்று குடும்பம் மூச்சு விடுகிறது. சட்டத்தின் கணக்கிலோ அன்றே வீடு வங்கியின் சுவாதீனத்துக்குப் போய்விட்டது. இந்தக் குறியீட்டுச் சுவாதீனத்தை எதிர்த்தே 17-ஆம் பிரிவின்படி தீர்ப்பாயத்துக்குப் போகலாம், ஆட்களை வெளியேற்றும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று ஹிந்தோன் ஃபோர்ஜ் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. வீட்டுக்காரருக்குச் சாதகமான தீர்ப்புதான். ஆனால் தெரியாதவருக்கு அதே தீர்ப்பு வினையாகவும் ஆகிறது. மனுப்போட உள்ள 45 நாள், அந்தக் காகிதம் கதவில் ஒட்டப்பட்ட கட்டத்திலிருந்தே கரையத் தொடங்குகிறது. அந்த நாட்களில் குடும்பம் எங்கே போகிறது? திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனுக் கொடுக்க வரிசையில் நிற்கிறது. 14-ஆம் பிரிவின்படி சுவாதீனத்துக்கு உத்தரவிடும் மாவட்ட ஆட்சியருக்குக் கடன் தகராறை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரமே இல்லை, வங்கியின் பிரமாணப் பத்திரம் சரியாக இருந்தால் உத்தரவு போட வேண்டியதுதான் அவர் வேலை என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் மறுபடியும் உறுதி செய்திருக்கிறது. உயர் நீதிமன்றத்துக்கு ஓடினாலும் 2010-ஆம் ஆண்டு சத்யவதி டாண்டன் தீர்ப்பைக் காட்டி, தீர்ப்பாயத்துக்குப் போ என்று திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். உரிமையியல் நீதிமன்றத்தின் கதவை 34-ஆம் பிரிவு அடைத்துவிட்டது. தட்ட வேண்டிய கதவு ஒன்றுதான். அது எது என்று நாள் முடிவதற்குள் சொல்ல ஒருவர் வேண்டும்.

‘சொல்லி என்ன பயன்? கடன் வாங்கியது உண்மை, கட்டாததும் உண்மை. வக்கீல் வந்து எதைக் கண்டுபிடிக்கப் போகிறார்?’ என்று கேட்பவர்கள் உண்டு. கண்டுபிடிக்க நிறைய இருக்கிறது. கடன் தவறினால் விதிக்கும் அபராதத்தை வட்டியோடு சேர்த்து, வட்டிக்கு வட்டியாக வளர்க்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்தரவிட்டு, 2024 ஏப்ரல் முதல் புதிய கடன்களுக்கு அது நடைமுறைக்கு வந்தது. கணக்கு அதன்படி போடப்பட்டிருக்கிறதா என்று ஒருவர் பார்க்க வேண்டும். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை, வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கும் கடனின் வட்டியான ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏறியது. மாறும் வட்டியில் கடன் வாங்கியவர்களின் தவணை ஏறியது, அல்லது தவணைக்காலம் நீண்டது. அந்த மாற்றத்தைச் சொன்னார்களா, தேர்வு செய்யும் உரிமையைக் கொடுத்தார்களா என்று பார்க்க வேண்டும். அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்கும் குறைவாகவே பாக்கி என்றால் இந்தச் சட்டமே பொருந்தாது. விவசாய நிலத்துக்கும் பொருந்தாது. ஏலத்துக்கு முன் அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளர் மதிப்புப் போட்டாரா, முப்பது நாள் நோட்டீஸ் கொடுக்கப்பட்டதா என்பவை வெறும் சடங்குகள் அல்ல. மேத்யூ வர்கீஸ் வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் விற்பனை நோட்டீஸ் விதியைக் கட்டாயமானது என்று சொல்லி, அதை மீறிய விற்பனையைச் செல்லாததாக்கியது.

காகிதத்தை ஒரு வக்கீல் உட்கார்ந்து படித்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் இருக்கிறது. மேய்ன் மாநிலத்தில் தாமஸ் காக்ஸ் என்ற வக்கீல், முன்பு வங்கிகளுக்காகக் கடன் வசூல் வழக்குகளை நடத்தியவர், ஓய்வுக்குப் பிறகு இலவசச் சட்ட உதவி அமைப்பொன்றில் தொண்டராகச் சேர்ந்தார். சிறிய வீடு ஒன்றை இழக்கவிருந்த ஒரு பெண்ணின் வழக்குக் கட்டில் இருந்த பிரமாணப் பத்திரம் அவருக்கு உறுத்தியது. அதில் கையெழுத்திட்ட ஜிஎம்ஏசி என்ற வீட்டுக் கடன் நிறுவனத்தின் ஊழியரை 2010-இல் குறுக்கு விசாரணை செய்தார். மாதம் ஆயிரக்கணக்கான பத்திரங்களில் அவற்றைப் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டதாக அந்த ஊழியர் ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டு செப்டம்பரில் அந்த நிறுவனம் 23 மாநிலங்களில் வீடுகளிலிருந்து ஆட்களை வெளியேற்றுவதை நிறுத்தி வைத்தது. மற்றப் பெரிய வங்கிகளிலும் இதே கதை வெளிவந்தது. 2012-இல் ஐந்து பெரிய நிறுவனங்கள் 49 மாநிலங்களோடும் மத்திய அரசோடும் சுமார் 2,500 கோடி டாலர் மதிப்புள்ள உடன்பாட்டுக்கு வந்தன. அதற்கு முன்பு லட்சக்கணக்கான வழக்குகளில் எதிர்த்துக் கேட்க யாரும் வராததால் அந்தக் காகிதங்கள் கேள்வியின்றி ஏற்கப்பட்டன. நம் வங்கிகள் எல்லாம் அப்படிச் செய்கின்றன என்று நான் சொல்லவில்லை. யாரும் சரிபார்க்காத காகிதத்தில் பிழை இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது என்றுதான் சொல்கிறேன்.

இனி, நம் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1976-இல் அரசியலமைப்பில் சேர்ந்த 39ஏ பிரிவு இலவசச் சட்ட உதவியை அரசின் கடமையாக்கியது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் அதற்கு உருவம் கொடுத்தது. நீதிமன்றம் என்பதில் தீர்ப்பாயங்களையும் சேர்த்தே அந்தச் சட்டம் வரையறுக்கிறது. ஆகவே கடன் வசூல் தீர்ப்பாயமும் அதற்குள் அடங்கும். சட்டப் பணி என்பதில் வழக்கு நடத்துவதோடு, சட்ட விஷயம் எதிலும் ஆலோசனை சொல்வதும் சேரும் என்றும் அதில் இருக்கிறது. அதாவது வழக்கே போடாத கட்டத்தில், நோட்டீஸுக்கு ஆட்சேபம் எழுதித் தருவதற்கும் இடமுண்டு. யாருக்கு என்பதை 12-ஆம் பிரிவு சொல்கிறது: பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், மாநில அரசு வகுத்த வருமான வரம்புக்குக் கீழே உள்ளவர்கள், பிறகு பெண்கள். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. இதை நான் மறுபடியும் சொல்ல விரும்புகிறேன். வீட்டுக் கடன்களில் மனைவி இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போடுவது சாதாரணம். வட்டிச் சலுகைக்காகச் சேர்ப்பார்கள், இரண்டு சம்பளத்தைக் காட்டினால் கடன் தொகை கூடும் என்பதற்காகச் சேர்ப்பார்கள். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் வட்டி மானியத்தில், குறைந்த வருமானப் பிரிவினர் வாங்கும் வீட்டுக்குக் குடும்பத்தில் ஒரு பெண் உரிமையாளராகவோ பங்குரிமையாளராகவோ இருக்க வேண்டும் என்பது நிபந்தனையாகவே இருந்தது. அந்தக் கையெழுத்து அவர்களைக் கடனுக்குப் பொறுப்பாளி ஆக்குகிறது என்றால், அதே கையெழுத்து மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச வக்கீலைக் கேட்கும் உரிமையையும் அவர்களுக்குத் தருகிறது. வழக்கில் முகாந்திரம் இருக்கிறது என்று ஆணைக்குழுவுக்குத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான். பெண்ணின் பெயர் பத்திரத்தில் உள்ள எத்தனை வீடுகளுக்கு நோட்டீஸ் போகிறதோ அத்தனை வீடுகளுக்கும் இந்தக் கதவு திறந்திருக்கிறது. அந்தக் கதவு இருப்பதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

உதவி எந்தக் கட்டத்தில் வர வேண்டும் என்பதற்கு இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே மக்கள் குடியிருக்கும் வீட்டைச் சுவாதீனம் எடுக்கக் கடன் கொடுத்தவர் நீதிமன்றத்துக்குப் போவதே நடைமுறை. கடன் வாங்கியவர் நியாயமான காலத்துக்குள் பாக்கியைக் கட்டிவிடுவார் என்று தெரிந்தால் உத்தரவைத் தள்ளிவைக்க 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது. நியாயமான காலம் என்றால் கடனின் மிச்சத் தவணைக்காலம் முழுவதையும் கணக்கில் எடுக்கலாம் என்று 1995-இல் நார்கன் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இத்தனை பாதுகாப்பு இருந்தும் அங்கே நீதிமன்ற வளாகத்திலேயே வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீலை நிறுத்தி வைத்தார்கள். அதுவும் போதவில்லை, விசாரணை நாளன்று வருகிற உதவி தாமதமான உதவி என்று கண்டு, 2023 ஆகஸ்ட் முதல் வீடு போகும் அபாயம் பற்றி எழுத்து மூலம் நோட்டீஸ் வந்த உடனேயே இலவச ஆலோசனை பெறலாம் என்று மாற்றினார்கள். நீதிமன்றத்துக்குப் போய் வீட்டை எடுப்பதே நடைமுறையாக உள்ள நாட்டிலேயே உதவியை முன்னுக்கு இழுக்க வேண்டியிருந்தது.

எதிர்வாதங்களில் மிக வலுவானது வங்கியில் பணம் போட்டவர்களைப் பற்றியது. கடனைத் திருப்பிக் கட்டாதவருக்கு இலவச வக்கீல் கொடுத்தால், தன் சேமிப்பை வங்கியில் வைத்த ஓய்வூதியரின் பணத்துக்கு யார் பொறுப்பு? ஒழுங்காகத் தவணை கட்டுகிறவர் ஏமாளியா? இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சட்டம் யாருக்கு என்ன கொடுக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நிறுவனம் கடனில் மூழ்கினால் 2016-ஆம் ஆண்டு திவால் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி அதன் மீதான வசூல் நடவடிக்கைகள் அத்தனையும் நிற்கும். சர்ஃபாசி நடவடிக்கையும் நிற்கும் என்று பெயர் சொல்லியே அதில் எழுதியிருக்கிறது. 180 நாள், தேவைப்பட்டால் நீட்டிப்பு. நிறுவனம் பிழைக்க வழி உண்டா என்று யோசிக்க அந்தக் காலம். சாதாரணத் தனிநபருக்கு அதே சட்டத்தில் இருக்கும் பகுதி இன்னமும் நடைமுறைக்கு வரவில்லை. நிறுவனக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் அதைத் திறந்துவிட்டார்கள். வேலை போன ஒரு மெக்கானிக்குக்கோ, கணவர் இறந்து தனியாக நிற்கும் ஒரு பெண்ணுக்கோ யோசிக்கக்கூட இடைவெளி கிடையாது. நான் கேட்பது கடன் தள்ளுபடி அல்ல. உள்நோக்கத்தோடு கட்டாதவருக்கு வாய்தா வாங்கித் தருவதும் அல்ல. அப்படிப்பட்டவர் இலவச வக்கீலைத் தேடி வரமாட்டார், அவரிடம் ஏற்கெனவே நல்ல வக்கீல்கள் இருப்பார்கள்.

இலவச வக்கீல் வந்தால் எல்லாமே இழுக்கும் என்ற அச்சமும் சொல்லப்படுகிறது. நேர்மையான வக்கீல் அறுபது நாளுக்குள் சொல்லும் ஆலோசனை பல சமயம் ‘வழக்கு வேண்டாம்’ என்பதாகத்தான் இருக்கும். கணக்கில் பிழை இல்லை, வருமானம் திரும்பி வர வழியும் இல்லை என்றால், வீட்டை நீங்களே விற்றுவிடுங்கள் என்பார். 13(13) பிரிவுப்படி நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் விற்க முடியாது. அந்த ஒப்புதலைக் கேட்டுக் கடிதம் எழுதித் தருவார். சந்தை விலைக்கு விற்ற வீட்டில் கடன் போகக் கொஞ்சம் கையில் மிஞ்சலாம். ஆட்கள் இன்னும் குடியிருக்கும் வீட்டை, வழக்கு வருமோ என்ற பயத்தோடு ஏலத்தில் எடுப்பவர் அந்த விலை தரமாட்டார். குறைந்த விலைக்குப் போனால் மிச்சக் கடனுக்கு 13(10) பிரிவுப்படி வங்கி மறுபடியும் வரும். இழுத்தடிப்பு எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும். ஏலத்துக்கு இரண்டு நாள் முன்பு ‘ஸ்டே வாங்கித் தருகிறேன்’ என்று வரும் இடைத்தரகர் ஒரு தொகையை வாங்கிக்கொள்வார். தடை கிடைத்தாலும் இன்ன தேதிக்குள் இவ்வளவு லட்சம் கட்டு என்ற நிபந்தனையோடுதான் கிடைக்கும். அந்தப் பணத்துக்குக் கந்துவட்டிக்காரரிடம் போவார்கள். தேதி தவறும், தடை விலகும், வீடும் போய், புதுக் கடனும் நிற்கும். நல்ல ஆலோசனை கிடைக்காத இடத்தைத்தான் இந்தத் தரகர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசுவதும் நல்ல வழிதான். ஆனால் அங்கே போடும் கையெழுத்துக்கு மேல்முறையீடு கிடையாது. தன்னால் கட்ட முடியாத தொகைக்கு ஒப்புக்கொண்டு எழுந்து வருவதற்கு முன், ஒரு வக்கீல் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

செலவுக் கணக்கு ஒன்று மிச்சமிருக்கிறது. தமிழ்நாட்டில் கடன் வசூல் தீர்ப்பாயங்கள் சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும்தான் இருக்கின்றன. நாகர்கோவில்காரர் மதுரைக்குப் போக வேண்டும். பத்து லட்சத்துக்குக் குறைந்த கடனானாலும் லட்சத்துக்கு 500 ரூபாய் மனுக் கட்டணம். தீர்ப்பாயத்தில் தோற்று மேல்முறையீட்டுக்குப் போனால் கடனில் பாதியை, மிகக் குறைத்தாலும் கால் பங்கை, முன்பணமாகக் கட்ட வேண்டும். இலவச வக்கீல், கட்டண உதவி, இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்கிறார்கள். வங்கிக்காக ஆஜராகும் வக்கீலின் கட்டணம், பத்திரிகை விளம்பரம், மதிப்பீட்டாளர், வீட்டுக்குப் போட்ட காவல், இவற்றுக்கு முறையாக ஆன செலவு அத்தனையையும் 13(7) பிரிவின்படி ஏலப் பணத்திலிருந்து முதலில் எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர் தன் வீட்டின் விலையிலிருந்து எதிர்த்தரப்பு வக்கீலுக்குச் சம்பளம் கொடுக்கிறார். அந்தச் செலவுக் கணக்கில் அவருக்கென்று ஒரு மணி நேர ஆலோசனையையும் சேர்க்கலாம். அதைவிட எளிதானதையும் உடனே செய்யலாம். 13(2) நோட்டீஸோடு தமிழில் ஒரு பக்கம் இணைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும். அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டியவை: அறுபது நாளுக்குள் ஆட்சேபம் எழுதலாம் என்பது, பாக்கித் தவணைகளை முழுதாகக் கட்டினால் கணக்கு சீராகலாம் என்பது, சுவாதீன நோட்டீஸ் வந்தால் 45 நாள் என்பது, ஏல அறிவிப்பு வந்த பிறகு மீட்க முடியாது என்பது, வீட்டுப் பத்திரத்தில் பெண்ணின் பெயர் இருந்தால் இலவச வக்கீல் கேட்கலாம் என்பது. அதன் கீழே அந்த மாவட்டத்தின் சட்டப் பணிகள் ஆணைக்குழு முகவரியும் 15100 என்ற இலவச உதவி எண்ணும்.